நிறுத்தச் சொன்னா நிக்கணும்

— சிரிக்காதடி! நீ சிரிச்சா பாட்டில் ஆடுது. பின்சீட்டெல்லாம் பாலு சொட்டுது பாரு.

— நீங்க கேக்கற கேள்வி அப்படி இருக்குக்கா.

— என்ன கேட்டுட்டேன்? காலையில பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறப்ப பாட்டு முணுமுணுத்தியே, என்ன விசேஷம்னு கேட்டேன். இந்த டெப்போவுல ரிவர்ஸ் எடுக்கறவனெல்லாம் திட்டிக்கிட்டே எடுத்துத்தான் நான் பாத்திருக்கேன். பாடிக்கிட்டே எடுத்த முதல் ஆளு நீதான்.

— திரை மாதிரி தொங்கவிட்ட அந்த யூனிபார்ம் கோட்டைக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன். ஜன்னல் ஓரமா இடுக்கு தெரியுது.

— தெரிஞ்சா தெரியட்டும். சுவத்தை ஒட்டி நிறுத்தியிருக்கேன், ஒரு பூனைகூட அந்தப் பக்கம் நுழைய முடியாது. இந்தப் பக்கம் படியில நான் உக்காந்திருக்கேன். நீ பாட்டுக்கு உன் பால் எடுக்கற மெஷினை ஓட்டு. சொல்லித் தொலை, என்ன நடந்துச்சு?

— ஒண்ணுமில்லக்கா.

— ஒண்ணுமில்லாததுக்கா உன் மூஞ்சி இப்படி மின்னுது?

— நேத்து ஞாயித்துக்கிழமையில்ல…

— ஆமா. எல்லார் வீட்டுலயும்தான் ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுல துணி துவைச்சோம்.

— நேத்து நாங்க ரெண்டு பேரும்… திரும்ப…

— திரும்ப? எங்க திரும்பினீங்க?

— அய்யோ, உங்களுக்கு எல்லாத்தையும் போர்டுல எழுதி ஒட்டணுமாக்கா? குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் முதல் தடவையா. நாங்க ரெண்டு பேரும்.

— அடிப்பாவி! இத்தனை மாசமாவா? உன் புள்ள குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்ப நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்னு போட்டோ காட்டற!

— ஆமா. இத்தனை மாசமா.

— நானெல்லாம் கேட்டியா, பெத்து எந்திரிச்ச மறு மாசமே குடும்பம் நடத்த ஆரம்பிச்சாச்சு. மூணு பெத்தவ சொல்றேன். நீங்கல்லாம் எல்லாத்துக்கும் லீவு போடற கோஷ்டி.

— இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வாயே திறக்கல.

— சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. பாலு நின்னுடும். விளையாட்டுக்குச் சொன்னேன்டி.

— தங்கச்சி! யாரு உள்ள? பிரேக் நேரத்துல வண்டிக் கதவைச் சாத்திக்கிட்டு என்ன நடக்குது?

— டைம்கீப்பர் அண்ணே, அங்கயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வெச்சீங்க, கால் இருக்காது.

— நான் டைம் பாக்கறவன். எனக்கு வண்டி எங்க நிக்குது, எதுக்கு நிக்குதுன்னு தெரியணும்.

— சின்னவ பால் எடுத்துக்கிட்டிருக்கா. புள்ளைக்கு.

— ஐயையோ. சொல்லக் கூடாதா முன்னாடியே? இதோ திரும்பிட்டேன். அந்தப் பக்கமாத் திரும்பிட்டேன் பாரு.

— திரும்பினா போதாது. நடங்க.

— நடக்கறேன், நடக்கறேன். ஆனா வண்டி நேரத்துக்குக் கிளம்பணும். இல்லேன்னா என் தலைதான் உருளும்.

— போயாச்சு. நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் சைலன்சர் இல்லாத வண்டி. நீ சொல்லு. எதுக்கு இத்தனை மாசம்? சண்டையா?

— சண்டை போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்க்கா. நாங்க சண்டையே போடல.

— பின்ன?

— அவன் பொறந்த கதை உங்களுக்குத் தெரியும்ல. ராத்திரி முழுக்க வலி, விடிஞ்சும் வரல. கடைசியில கருவி போட்டு இழுத்தாங்க. கிழிஞ்சு, உள்ளயும் வெளியயும் தையல். எத்தனைன்னு கேட்டேன். அந்த டாக்டர், எண்ணாதீங்க, ஆறிடும்னு சொன்னாங்க.

— தெரியும். நான்தான் பன் வாங்கிட்டு வந்து பாத்தேனே. ஒருக்களிச்சுப் படுத்திருந்த.

— அப்புறம் செக்கப்புக்குப் போனப்ப, தையல் ஆறிடுச்சு, இனிமே நீங்க வழக்கம்போல இருக்கலாம்னு சொன்னாங்க. நாங்களும் நம்பி வந்தோம். அவரு அன்னிக்கு முடியெல்லாம் வெட்டிக்கிட்டு வந்தாரு.

— உன் லிஃப்ட் மெக்கானிக்கா? முடி வெட்டினாரா? அடேயப்பா.

— சிரிக்காதீங்க. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா… கத்தியை வெச்ச மாதிரி வலிச்சுதுக்கா. நான் சொல்லல. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். சொன்னா அவரு வருத்தப்படுவாரு, இவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்தாரேன்னு. விளக்கு வேற இல்ல. அவரு கை எதேச்சையா என் கன்னத்துல பட்டுச்சு. கன்னம் ஈரம். அவ்வளவுதான். ஷாக் அடிச்ச மாதிரி எந்திரிச்சுட்டாரு.

— ம்.

— எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போனாரு. பைப்பைத் திறந்து விட்டாரு. தண்ணி ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு. ஆனா யாரும் குளிக்கற சத்தம் இல்ல.

— அழுதாரா?

— அப்ப எனக்கு அது தோணல. என் மேல வெறுப்பு வந்துடுச்சுன்னு நினைச்சேன். மறுநாள்லேர்ந்து ஹால்ல படுக்க ஆரம்பிச்சாரு. ஏன்னு கேட்டா, விடியக்காலையிலயே போன் வருது, எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கறான், உன் தூக்கம் கெடும்னாரு. சரின்னேன். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மடக்குக் கட்டில் வாங்கிட்டு வந்தாரு.

— கட்டிலே வாங்கிட்டாரா!

— புதுக் கட்டில்க்கா. பிளாஸ்டிக் உறைகூட பிரிக்கல. அதை ஹால்ல விரிச்சு, நட்டெல்லாம் இறுக்கி, மேல உக்காந்து ஆட்டிப் பாத்துட்டு, நல்லா ஸ்ட்ராங்கா இருக்குன்னாரு. நான் புள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே அதைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். தரையில படுத்தா ஒரு நாள் எந்திரிச்சு வந்துடுவாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கட்டில் வாங்கிட்டா குடியேறிட்ட மாதிரிதானே?

— அன்னிக்காவது கேட்டிருக்கலாம்லடி, வாய் இருக்குல்ல?

— எப்படிக் கேப்பேன்? அந்த ரூம்ல என் தலைமாட்டுலயேதானே நின்னாரு. நான் கத்தினது, ரத்தம், எல்லாத்தையும் பாத்தாரு. அதைப் பாத்த மனுஷனுக்கு அப்புறம் எப்படி ஆசை வரும்னு நானே முடிவு பண்ணிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னா வயிறெல்லாம் கோடு கோடா, தொளதொளன்னு. நானே வேற பக்கம் பாத்துக்கிட்டுத் துணி மாத்துவேன்.

— அப்ப, கட்டில் வர்றதுக்கு முன்னாடியே வேலைக்குத் திரும்பிட்டியா?

— ஆமா. வந்த முதல் வாரம். அந்த ஸ்கூல் வாசல்ல ஒரு வேகத்தடை இருக்கே, ஒட்டகம் மாதிரி. மெதுவாத்தான் ஏத்தினேன். ஏறி இறங்கினப்ப அடியில சுரீர்னு ஒரு வலி, கண்ணு இருட்டிடுச்சு. ஓரங்கட்டிட்டு, டயர் பாக்கறேன்னு பொய் சொல்லிட்டு இறங்கி, வண்டிக்குப் பின்னாடி நின்னு மூச்சு வாங்கினேன். அன்னிக்கு மத்தியானம் உங்ககிட்டத்தான் வந்து சொன்னேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— என்ன சொன்னீங்க?

— பொறுத்துக்கோன்னு சொன்னேன். பெத்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்னு சொன்னேன்.

— எங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. எதிர்வீட்டு அக்கா அதையேதான் சொன்னாங்க. எல்லாரும் ஒரே வார்த்தை. பொறுத்துக்கோ. என்னமோ எல்லாரும் ஒரே இடத்துல டிக்கெட் வாங்கின மாதிரி.

— குத்திக் காட்டறியாடி?

— இல்லக்கா. சத்தியமா இல்ல. உங்களை நான் குத்துவேனா? இந்த டெப்போவுல பொம்பளை ஸ்டியரிங் புடிச்சா வண்டி வளைஞ்சு போகும்னு சொன்னவனையெல்லாம் வாயடைக்க வெச்சவங்க நீங்க. நீங்களே பொறுத்துக்கோன்னு சொல்லிட்டீங்களே, அப்ப அதுதான் சட்டம்போலன்னு நினைச்சேன். அதைச் சொல்றேன்.

— அந்த பாட்டில் நிறைஞ்சுடுச்சு, மாத்து. கொடு இப்படி, நான் மூடறேன். ஐஸ் பையைத் திற. ம், அப்புறம்?

— அந்தக் கட்டில்தான்க்கா. அந்த உறை பிரிக்காத கட்டில் என்னை என்னமோ பண்ணிடுச்சு. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. தையல் போட்ட டாக்டர்கிட்ட, ஆறிடுச்சுன்னீங்களே, பின்ன ஏன் வலிக்குதுன்னு நேராவே கேட்டேன். அவங்க மேல் மாடிக்கு அனுப்பினாங்க. அங்க ஒரு பிசியோதெரபி அம்மா. கை கால் முறிஞ்சவங்களுக்குத்தானே அதுன்னு நினைச்சேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன்.

— இவங்க பெத்தவங்களுக்கு மட்டும் பாக்கறவங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு, குள்ளமா, பாத்தா ஸ்கூல் கேண்டீன்ல இருக்கற அம்மா மாதிரி இருப்பாங்க. உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டாங்க. நான் வழக்கம்போல, எல்லாருக்கும் இருக்கறதுதானே மேடம், பொறுத்துக்கறேன்னு இழுத்தேன். பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. “யாரும்மா உனக்கு வலிக்கணும்னு சொன்னது?”ன்னு கேட்டாங்க.

— அப்படியா கேட்டாங்க?

— அப்படியேதான். நான் அழுதுட்டேன். பஸ் ஓட்டறவ, ரோட்டுல எத்தனை பேச்சு வாங்கியிருப்பேன், ஒரு சொட்டு விட்டதில்ல. அங்க அந்த நாற்காலியில உக்காந்து மூக்கு ஒழுக அழுதேன். எவ்வளவு நாளா யாராவது இதைக் கேக்கணும்னு இருந்துச்சுபோல.

— என்ன பண்ணினாங்க? மருந்தா?

— கொஞ்சம் மருந்து. கொஞ்சம் பயிற்சி. பால் குடுக்கற வரைக்கும் அங்க வறண்டுதான் போகுமாம்க்கா, அதுக்கு ஒரு ஜெல் இருக்கு, மருந்துக்கடையிலயே கிடைக்குது. தையல் போட்ட இடம் இறுகியிருக்கு, அதை எப்படி மெதுவா நீவி விடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் பயத்துல அடிவயித்துத் தசை தானா இறுக்கிக்குதாம். அதை விடப் பழகணும். இறுக்கறதுக்கு இல்ல, விடறதுக்குத்தான் பயிற்சி. மூச்சை இழுத்து, வயித்தை லேசாக்கி, அப்படியே அடியில இறக்கி விடற மாதிரி.

— எங்க பண்ணுவ, வீட்டுலதான் புள்ள விட மாட்டானே?

— சிக்னல்ல.

— எதுல?

— ரெட் சிக்னல்லக்கா. வண்டி நின்னா நானும் மூச்சை இழுத்து விட்டுக்குவேன். வண்டி முழுக்க ஆளு. ஒருத்தருக்கும் தெரியாது, டிரைவர் என்ன பண்ணிக்கிட்டிருக்காங்கன்னு.

— அடியே! அதான் மார்க்கெட் சிக்னல்ல எதிர்ல வந்தப்ப சாமி வந்தவ மாதிரி கண்ணைச் சொருகிக்கிட்டு உக்காந்திருந்தியா! நீ தூங்கறேன்னு நினைச்சு ஹாரன் அடிச்சேனே!

— நீங்க அடிச்ச ஹாரன்ல எல்லாம் திரும்ப இறுகிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

— அய்யோ, வயிறு வலிக்குதுடி. போதும். தண்ணி குடிச்சுக்கறேன். சரி, வீட்டுக்காரர்கிட்ட எப்பச் சொன்ன?

— அதுக்குத்தான் தைரியமே வரல. அந்த தெரபி அம்மா ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, சொல்லியாச்சான்னு. உடம்பு தயாராயிடும்மா, ஆனா பேசற வேலையை நான் செய்ய முடியாதுன்னு சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவரோட அக்கா வந்து புள்ளையைத் தள்ளுவண்டியில வெச்சு பார்க்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. நல்ல வெயில். அவரு அந்தக் கட்டில்ல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தாரு. போய் எதிர்ல நின்னு, “இந்தக் கட்டிலை மடிங்க”ன்னேன்.

— அப்படியே சொன்னியா?

— வேற என்ன சொல்றதுன்னு தெரியல. ஏன், நட்டு லூசா இருக்கான்னு கேட்டாரு மனுஷன்.

— மெக்கானிக்தானே!

— எனக்குச் சிரிப்பும் வருது, ஆத்திரமும் வருது. என்னைப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கா, சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்னு கத்தினேன். அவரு கையில புள்ளையோட குட்டி சட்டை. அதைக் கீழ போட்டுட்டாரு. அருவருப்பா, யாருக்கு, எனக்கான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. அப்புறம்தான் எல்லாம் வந்துச்சு. அன்னிக்கு அந்த ரூம்ல நான் போட்ட சத்தம் அவரு காதை விட்டுப் போகவே இல்லையாம். நான்தானே இவளை இப்படி ஆக்கினேன்னு நின்னாராம். அப்புறம் அந்த ராத்திரி என் கன்னம் ஈரமா இருந்ததும், மறுபடி நானேதான்னு ஆயிடுச்சாம். இன்னொரு தரம் என்னால உனக்கு வலி வந்தா நான் மனுஷனே இல்லன்னு சொல்லி அழறாரு.

— அழுதாரா… அப்ப அன்னிக்கு பைப்பு…

— அன்னிக்கும் அழுகைதான். நான் சொன்னேன்க்கா, அதை நினைச்சா எனக்கே பெருமையா இருக்கு. “அந்தச் சத்தத்தை நினைச்சு நீங்க பயப்பட வேண்டாம். அது அடிபட்டவ போட்ட சத்தம் இல்ல. நான் ஒரு பெரிய வேலை செஞ்சேன், அந்த வேலையோட சத்தம் அது. நீங்க மோட்டார் ரூம்ல வேலை பாக்கறப்ப சத்தம் வரல?”ன்னு கேட்டேன்.

— சபாஷ்டி!

— அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? “நான் தினமும் இருபது மாடிக்கு ஆளுங்களைத் தூக்கற மோட்டாரைத் தொட்டு வேலை பாக்கறவன். அன்னிக்கு உன்கிட்ட நான் பாத்த பலத்தை எந்த மெஷின்லயும் பாத்ததில்ல. அதனாலயே கிட்ட வர பயமா இருக்கு. இவளைத் தொட எனக்கு என்ன தகுதி இருக்குன்னு தோணுது”ன்னாரு. நான் வெறுக்கறாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்த ஆளு ஹால்ல படுத்துக்கிட்டு என்னை நினைச்சு பிரமிச்சுப் போயிருக்காரு!

— நீ என்ன சொன்ன?

— “தள்ளி நின்னு கும்பிடறதுக்கு நான் சாமி இல்ல. உங்க பொண்டாட்டி. கட்டிப்புடிங்க”ன்னேன்.

— அய்யோ… உடம்பு சிலிர்க்குதுடி. அன்னிக்கேவா?

— அன்னிக்கு ஒண்ணுமே இல்லக்கா. சும்மா படுத்திருந்தோம், அவ்வளவுதான். தெரபி அம்மா சொன்னதெல்லாம் சொன்னேன். அந்த ஜெல்லைக் காட்டினேன். அவரு டியூபுல பின்னாடி எழுதியிருந்ததெல்லாம் முழுசாப் படிச்சாரு, கிரீஸ் டப்பாவைப் படிக்கற மாதிரி. அப்புறம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். ஸ்டியரிங் என் கையில. நான் போகலாம்னா போகணும். நிறுத்தச் சொன்னா நிக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது, மன்னிப்பும் கேக்கக் கூடாது. நானும் வலிச்சா மறைக்கக் கூடாது.

— ஒத்துக்கிட்டாரா?

— டிரைவரம்மா சொன்னா சரின்னாரு. என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை கொஞ்ச தூரம் போனோம். திடீர்னு எனக்குப் பாலு பீச்சியடிச்சு அவரு மூஞ்சியெல்லாம். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மேல ஒண்ணும் நடக்கல. அதுக்கடுத்த வாரம் மழை வந்து அவரோட அக்கா பாதியிலயே திரும்பிட்டாங்க. கதவு மணி அடிக்குது, இவரு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போய்த் திறக்கறாரு. ஒரு தரம் நடுவுல பயம் வந்துடுச்சு எனக்கு. நிறுத்துங்கன்னேன்.

— நின்னாரா?

— நின்னாரு.

— உடனேவா?

— உடனே.

— மூஞ்சி சுளிக்கல?

— இல்லக்கா. எந்திரிச்சுப் போய் ரெண்டு டம்ளர்ல டீ போட்டுக்கிட்டு வந்தாரு. பக்கத்துல உக்காந்து குடிச்சோம்.

— திரும்பிப் படுத்துக்கல? ரெண்டு நாள் பேசாம இருக்கறது, தட்டை டம்முனு வெக்கறது, அதெல்லாம்?

— சேச்சே. எதுக்கு அப்படிப் பண்ணுவாரு?

— சும்மா கேட்டேன். சொல்லு, நேத்து.

— நேத்து அவரோட அக்கா புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினதும், அவரு ஜன்னல் திரையை இழுக்கப் போனாரு. நான் வேண்டாம்னேன். எதிர்ல வெறும் தண்ணித் தொட்டிதான், யாரும் பாக்க முடியாது. வெளிச்சத்துலயே நின்னேன். இந்தக் கோடு, இந்தத் தொளதொளப்பு, எல்லாம் தெரியட்டும்னு. எனக்குத் திடீர்னு வெக்கமே போயிடுச்சுக்கா. இந்த வயித்துக்குள்ளதான் ஒரு ஆளு முழுசா உருவானான். இதை ஏன் நான் ஒளிச்சு வெக்கணும்? அவரு ஒவ்வொரு கோடாப் பாத்தாரு. விரலால தொட்டாரு. ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்ததுதான் நல்லா இருந்துச்சு.

— ம்.

— அப்புறம்… மெதுவா. ரொம்ப மெதுவா. நான் சிக்னல்ல மூச்சு விடற மாதிரியே விட்டேன். எப்ப வலிக்கும், எப்ப வலிக்கும்னு காத்துக்கிட்டே இருக்கேன். வலிக்கல.

— கொஞ்சம்கூடவா?

— ஆரம்பத்துல லேசா இறுக்கமா இருந்துச்சு. சொன்னேன், நின்னாரு. மூச்சு விட்டேன், விலகிடுச்சு. அப்புறம் நான்தான் போகலாம்னு சொன்னேன். நான்தான்க்கா சொன்னேன். அவரு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தாரு, ஏதாவது சுருக்கம் விழுதான்னு. கொஞ்ச நேரத்துல எனக்குக் காத்திருக்கறதே மறந்து போச்சு. நல்லா இருந்துச்சு. முன்னாடி இருந்ததைவிடவே நல்லா இருந்துச்சு. முன்னாடியெல்லாம் நான் வாயைத் திறந்து ஒண்ணும் கேட்டதே இல்லையே. சொன்னா நம்ப மாட்டீங்க, முடிஞ்சதும் ரெண்டு பேரும் கை தட்டினோம்.

— கை தட்டினீங்களா!

— பின்ன? ஜெயிச்சோம்ல! அப்புறம் அவரு எந்திரிச்சுப் போய் அந்தக் கட்டிலை மடிச்சு மாடிப்படிக்கு அடியில வெச்சுட்டு வந்தாரு. எனக்கு இந்த ஊரையே கூப்பிட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு. பெத்ததுக்குப் பூங்கொத்து குடுக்கறாங்க. லைசென்ஸ் வாங்கினதுக்கு மாலை போட்டாங்க. இதுக்கும் யாராவது போடணும்க்கா. இது எல்லாத்தையும்விடக் கஷ்டப்பட்டு நான் திரும்ப வாங்கினது.

— போடலாம்டி. தாராளமாப் போடலாம்.

— என்னக்கா, திடீர்னு இப்படி அமைதியாயிட்டீங்க? கேலி பண்ணுவீங்கன்னு நினைச்சேன்.

— கேலி பண்ண என்ன இருக்கு? நீ பண்ணினது சின்ன விஷயம் இல்ல. தலை நிமிர்ந்து பாடிக்கிட்டே ரிவர்ஸ் எடு, முன்னாடியும் எடு. எவன் கேக்கறான். முடிஞ்சுதா? அந்த மெஷினைக் கழட்டு. சட்டைப் பட்டன் மாத்திப் போட்டிருக்க பாரு, கீழேர்ந்து போடு.

— நன்றிக்கா. நீங்க இல்லேன்னா இந்த டெப்போவுல நான் எங்க போய் பால் எடுப்பேன்?

— அது இருக்கட்டும். அந்த தெரபி அம்மா தினமும் இருப்பாங்களா?

— திங்கள், வியாழன் சாயங்காலம். ஏன்க்கா?

— அப்ப இன்னிக்கு இருப்பாங்க.

— இருப்பாங்க. யாருக்குக்கா கேக்கறீங்க? யாராவது புதுசா பெத்தவங்களா?

— புதுசா பெத்தவங்களை மட்டும்தான் பாப்பாங்களா?

— அப்படி இல்ல. எப்பப் பெத்திருந்தாலும் பாப்பாங்க. நான் வெளிய உக்காந்திருந்தப்ப நரைச்ச தலையோட ஒருத்தங்க வந்திருந்தாங்க. இவ்வளவு நாள் கழிச்சு வந்துட்டேனேன்னு அவங்க கூச்சப்பட்டப்ப, தெரபி அம்மா கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. சொல்லுங்கக்கா, யாருக்கு?

— தங்கச்சி! சின்னப்பொண்ணே! ரெண்டு பேரும் முடிச்சாச்சா? வண்டி கிளம்பற நேரம். நான் இப்பவும் திரும்பித்தான் நிக்கறேன்.

— முடிஞ்சுதுண்ணே. இந்தப் பக்கம் திரும்பலாம். கிட்ட வாங்க, ஒரு விஷயம். சாயங்காலம் என் ட்ரிப்புக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க.

— என்னது? நீயா? காய்ச்சல்லயே வண்டி எடுத்த ஆளாச்சே நீ! எங்க போற?

— ஆஸ்பத்திரிக்கு.

— ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு? வீட்டுக்காரருக்கா?

— அவரு நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான்ண்ணே, கடைசிப் பையன் பொறந்தப்போ வந்த வலி. அவனுக்கு இப்ப மீசை முளைச்சிருக்கு, இன்னிக்குத்தான் போய்ச் சொல்லப் போறேன்.